காணாமல் போன அரை கேலன்

1857 ஜூலையில் கல்கத்தா வீதிகளில் கேஸ் விளக்குகள் எரியத் தொடங்கின. 1865-இல் பம்பாயும் சேர்ந்துகொண்டது. நிலக்கரியைக் காற்றுப் புகாத உலையில் சுட்டு, கிளம்பும் வாயுவைக் கழுவி, மண்ணுக்கடியில் பதித்த இரும்புக் குழாயில் அனுப்பினார்கள். அந்த வாயுவில் பெரும்பகுதி ஹைட்ரஜனும் மீத்தேனும். இரண்டும் அடங்காப்பிடாரிகள், சாதாரண வெப்பத்தில் எவ்வளவு அழுத்தினாலும் திரவமாகாதவை. ஆகவே குழாய் போன தூரம்தான் கேஸ் போன தூரம். நிஜாமின் ஹைதராபாத்தில் பிரியாணித் தேக்சா விறகடுப்பில் வெந்தது. மூடிமேல் கரித்தணல் பரப்பித் தம் போட்டார்கள். 1880-களின் இறுதியில் நிஜாமின் சொந்த மண்ணிலேயே, எல்லந்துப் பக்கம், சிங்கரேணி நிலக்கரியை வெட்டத் தொடங்கினார்கள். அப்போதும் அடுப்பங்கரையில் ஊதுகுழல் ஓயவில்லை. குழாயே இல்லாமல் கேஸைக் குப்பியில் அடைத்துத் தூக்கிப்போக முடியுமா? வழி முதலில் அகப்பட்டது, அலுமினியம் தேடிப்போன ஒரு கனடாக்காரரிடம்.

தாமஸ் வில்சன் என்ற அவர், அமெரிக்காவின் வட கரோலினாவில் ஸ்ப்ரே என்ற சிற்றூரில் மின் உலை வைத்திருந்தார். சுண்ணாம்பையும் தாரையும் சேர்த்துச் சுட்டால் கால்சியம் கிடைக்கும், அதைக்கொண்டு அலுமினியத்தைப் பிரித்துவிடலாம் என்பது அவர் போட்ட கணக்கு. 1892 மே 2 அன்று உலையிலிருந்து வந்தது கறுத்த, நொறுங்கும் கட்டி ஒன்று. கால்சியமா என்று பார்க்க அதைத் தண்ணீரில் போட்டார்கள். குமிழி பொங்கியது, மகிழ்ந்தார்கள். கால்சியமாக இருந்தால் வருவது ஹைட்ரஜன், பற்றவைத்தால் கண்ணுக்கே தெரியாத வெளிறிய சுடர்தான் எழ வேண்டும். தீயைக் காட்டினார்கள். பளீரென்று மஞ்சள் வெளிச்சமும், கூடவே கப்பென்று கரும்புகையும் எழுந்தன. அலுமினியக் கனவு அத்தோடு முடிந்தது. கையில் மிஞ்சிய கட்டியின் பெயர் கால்சியம் கார்பைடு.

அதே கார்பைடு கல்தான் பின்னாளில் மாம்பழக் கூடைகளுக்குள் பொட்டலமாகப் புகுந்து, சட்டம் தடை போட்ட பிறகும் ஹைதராபாத் பழச்சந்தையில் சோதனைக்கு வரும் அதிகாரிகளை அலைய வைத்தது. அது தனிக்கதை. ஸ்ப்ரேயில் தண்ணீர் பட்டுக் கிளம்பிய வாயு அசிட்டிலீன். எட்மண்ட் டேவி 1836-இலேயே கண்டறிந்திருந்தார்; ஆனால் மலிவாகச் செய்ய வழி இல்லாமல் ஆய்வகத்தில் கிடந்தது. இப்போது கல்லும் தண்ணீரும் போதும். சைக்கிள் விளக்கும் சுரங்கத் தொழிலாளியின் தலைவிளக்கும் கார்பைடில் எரிந்தன. அடுத்த ஆசை இயல்பானது: இதை அழுத்திக் குப்பியில் அடைத்தால் என்ன? அடைத்தார்கள். வெடித்தது.

அசிட்டிலீனின் குணம் அப்படி. மற்ற வாயுக்கள் எரியக் காற்று வேண்டும். இதற்கு அதுகூட வேண்டாம். இரண்டு காற்றழுத்தம் அளவுக்கு நெருக்கினாலே, ஒரு தட்டு, கொஞ்சம் சூடு போதும், தானே சிதைந்து வெடிக்கும். ஐரோப்பாவில் பல உயிர்கள் போன பிறகு, பிரான்ஸில் ஜார்ஜ் கிளோது, ஆல்பர் ஹெஸ் என்ற இருவர் ஒரு தந்திரம் கண்டார்கள். அசிட்டோன் என்ற திரவம் தன் பருமனைப்போல 25 மடங்கு அசிட்டிலீனைச் சர்க்கரைபோல் கரைத்துக்கொள்ளும். அழுத்தினால் இன்னும் கூடுதலாக. கரைந்த அசிட்டிலீன் சாது. குப்பிக்குள் காலியிடம் இருந்தால்தான் ஆபத்து என்பதால், உள்ளே நுண்துளை நிறைந்த ஒரு திடப்பொருளை அடைத்து, அதன் துளைகளில் அசிட்டோனை ஊறவிட்டார்கள். செகந்திராபாத் ராணிகஞ்சில் வெல்டிங் பட்டறை வாசலில் சாய்ந்து நிற்கும் அரக்கு நிறக் குப்பியும் இந்த ஜாதிதான். வெறும் கூடு என்று தோன்றினாலும் உள்ளே விரல் விடும் அளவுக்குக்கூட வெற்றிடம் கிடையாது.

அந்தத் திடப்பொருளை அசைந்தாலும் நொறுங்காதபடி 1906-இல் செம்மைப்படுத்தியவர் சுவீடனின் குஸ்தாவ் டாலேன். பகல் வெளிச்சம் பட்டதும் தானே அணைந்து, இருட்டியதும் தானே எரியும் கலங்கரை விளக்கையும் அவர் செய்தார். ஆளில்லாப் பாறைத் தீவுகளில் அசிட்டிலீன் குப்பி ஒன்றே மாதக்கணக்கில் காவல் காத்தது. 1912-இல் டாலேனுக்கு இரண்டு பெரிய விஷயங்கள் நடக்கவிருந்தன. ஒன்று மகுடம், மற்றது இடி. அதற்குள் அமெரிக்காவின் பிட்ஸ்பர்கில் ஒரு கார் சொந்தக்காரர் புகாரோடு வந்துவிட்டார்.

1910. வாங்கிய ஒரு கேலன் பெட்ரோல் வீடு போய்ச் சேர்வதற்குள் அரை கேலனாகிவிடுகிறது என்றார் அவர். பாத்திரத்தில் ஓட்டை இல்லை, யாரும் திருடவும் இல்லை. அமெரிக்க அரசின் சுரங்கத் துறையில் வேலை பார்த்த வால்டர் ஸ்னெல்லிங்கிடம் விஷயம் போனது. அவர் வெடிமருந்து நிபுணர். பெட்ரோல் அவர் துறையே இல்லை. ஒரு ஜாடி நிறைய அந்தப் பெட்ரோலை எடுத்துக்கொண்டு ஆய்வகம் கிளம்பினார். வழி நெடுக ஜாடியின் கார்க் ‘பட்’, ‘பட்’ என்று தெறித்துக்கொண்டே இருந்தது. வேறு யாராவது இருந்தால் கார்க்கை இறுக்கிக் கட்டியிருப்பார்கள். ஸ்னெல்லிங், அதைத் தள்ளுவது யார் என்று கேட்டார்.

வெந்நீர்க் கொதிகலனின் சுருள்குழாயும் ஆய்வகத்துத் தட்டுமுட்டுகளும் சேர்த்து ஒரு வடிகலன் கட்டிப் பார்த்தபோது, தள்ளியவர்கள் பிடிபட்டார்கள். முக்கியமாக இரண்டு பேர்: புரொபேன், பியூட்டேன். இரசாயனக்காரர்களுக்கு இருவரும் புதியவர்கள் அல்ல. புரொபேன் என்ற பெயரின் வேரைத் தோண்டினால் கிரேக்கத்தில் ‘முதல் கொழுப்பு’ என்று வரும். பியூட்டேனின் வேர் சாட்சாத் வெண்ணெய்! கொழுப்பும் வெண்ணெயும் பெயரிலேயே இருந்தும் சமையலறைப் பக்கம் அவர்களை யாரும் அழைக்கவில்லை. எண்ணெய்க் கிணற்றுக்காரர்களுக்கு அவர்கள் தொல்லை. பெட்ரோலில் கலந்து வந்து பீப்பாயை உப்பவைக்கிற, தீப்பிடிக்க வைக்கிற வேண்டாத விருந்தாளிகள். ஸ்னெல்லிங் கண்ட அதிர்ஷ்டம் வேறொன்று: ஹைட்ரஜனைப்போல் இவர்கள் முரண்டு பிடிக்கவில்லை. சற்று அழுத்தியதும் தண்ணீர்போல் திரவமாகிப் படுத்துவிட்டார்கள். மூடியைத் திறந்ததும் ஏறத்தாழ 250 மடங்கு விரிந்து வாயுவாக எழுந்தார்கள். ஒரு லோட்டாத் திரவத்தில் ஒரு பெரிய அண்டா நிறைய நெருப்பு. குழாய்த் தளை அறுந்தது.

1912 மே மாதம் பென்சில்வேனியாவில் ஒரு விவசாயி வீட்டில் அந்தத் திரவம் அடைத்த குப்பியிலிருந்து விளக்கும் அடுப்பும் எரிந்தன. ஸ்னெல்லிங் 1913 மார்ச்சில் காப்புரிமை பெற்றார். பிறகு அதைப் பிலிப்ஸ் பெட்ரோலியத்தின் ஃபிராங்க் பிலிப்ஸிடம் 50,000 டாலருக்கு விற்றார். இன்று கோடிக்கணக்கான அடுப்புகளை எரியவைக்கும் ஒரு யோசனைக்கு அந்த விலை அதிகமா குறைவா என்பதை அவரவர் கணக்குக்கு விட்டுவிடலாம். விவசாயி வீட்டில் அடுப்பு எரிந்த அதே ஆண்டு, செப்டம்பர் 27, சுவீடனில் குப்பிகளின் பாதுகாப்பைச் சோதித்துக்கொண்டிருந்த டாலேனின் முகத்தருகே அசிட்டிலீன் வெடித்தது.

இரண்டு கண்ணும் போயிற்று. சில வாரங்களில் அந்த ஆண்டின் இயற்பியல் நோபல் பரிசு அவருக்கே என்று செய்தி வந்தது. உலகக் கடல்களுக்கெல்லாம் வெளிச்சம் தந்தவர் மேடையேற முடியாமல் படுத்திருக்க, பரிசை வாங்கியவர் அவர் அண்ணன்; கண் மருத்துவர். இப்படி ஒரு முரணைக் கதாசிரியர் எவரும் எழுதத் துணியமாட்டார். பார்வை போனபின் வீட்டோடு இருந்த டாலேன், மனைவி எல்மா அடுப்போடு படும் பாட்டைக் காதால் கேட்டே உணர்ந்து, 1922-இல் புதுவகை அடுப்பொன்றைச் செய்தார். வாழ்நாளெல்லாம் கேஸோடு புழங்கியவர் மனைவிக்குச் செய்து கொடுத்தது கேஸ் அடுப்பல்ல, நிலக்கரி அடுப்பு! அசிட்டிலீன் சமையலறையில் நிலைக்கவில்லை. ஆக்சிஜனோடு சேர்ந்தால் 3,000 டிகிரியைத் தாண்டும் அதன் சுடர், இரும்பை இரும்போடு ஒட்டவைக்கப் பட்டறைக்குப் போய்விட்டது. பழைய இரும்பை அறுக்கும் கடைகளில் சமையல் கேஸும் ஆக்சிஜனுமே போதும் என்று நடத்திவிடுவார்கள். கேஸ் சுடரால் இரும்பை ஒட்டவைப்பதென்றால் இன்றும் அரக்கு நிறக் குப்பிதான்.

இதற்கிடையே ஜெர்மனியின் ஆக்ஸ்பர்கில் ஹெர்மன் பிளாவ் என்பவர், எண்ணெயைச் சுட்டு எடுத்த வாயுவை நூறு காற்றழுத்தத்தில் குப்பியில் அடைத்து விற்றுவந்தார். ஜெர்மன் மொழியில் ‘பிளாவ்’ என்றால் நீலம். ஆகவே அது நீலநிற வாயு என்று பலர் நினைத்தார்கள். நிறம் ஒன்றுமில்லை, அது அவர் பெயர். இந்த வாயுவின் எடை கிட்டத்தட்டக் காற்றின் எடை என்பதால், 1928-இல் பறந்த கிராஃப் செப்பலின் ஆகாயக் கப்பலுக்கு அதையே எரிபொருளாக்கினார்கள். எரிபொருள் தீரத்தீரக் கப்பல் எடை குறைந்து மேலே மிதந்துபோகும் தொல்லை அதனால் இல்லாமல் போனது. அந்தக் கப்பல் பிரேசிலுக்கு வழக்கமாகப் போய்வந்தது. பிறகு 1937 வந்தது.

அந்த ஆண்டு மார்ச் 18 அன்று டெக்சாஸில் நியூ லண்டன் என்ற ஊர்ப் பள்ளிக்கூடத்தின் அடித்தளத்தில் இயற்கை வாயு கசிந்து தேங்கியிருந்தது. அந்த வாயுவுக்கு மணமில்லை, யாருக்கும் தெரியவில்லை. ஒரு பொறி பட்டதும் கட்டடமே எழும்பி விழுந்து, சுமார் 300 பேர், பெரும்பாலும் குழந்தைகள், மாண்டார்கள். அதன் பிறகுதான் எரிவாயுவில் நாற்றம் கலக்க வேண்டும் என்று சட்டம் வந்தது. புரொபேனுக்கும் பியூட்டேனுக்கும்கூட இயல்பில் மணம் கிடையாது. இன்று மூக்கைச் சுளிக்கவைக்கும் அந்த அழுகல் வாடை எத்தில் மெர்காப்டன் என்ற சேர்க்கை, துளியிலும் துளி. கசிந்ததும் ஜன்னலைத் திறக்க வைக்கும் அந்த நாற்றத்தின் பின்னால் ஒரு பள்ளிக்கூடம் இருக்கிறது.

மே 6 அன்று ஹிண்டன்பர்க் என்ற ஆகாயக் கப்பல் அமெரிக்காவில் தீப்பிடித்து விழுந்தது. அதோடு ஆகாயக் கப்பல் பயணமே நின்றுபோனது. ரியோவிலும் ரெசிஃபேயிலும் அவற்றுக்காகச் சேர்த்துவைத்த 6,000 கேஸ் குப்பிகள் அனாதையாகக் கிடந்தன. ஆஸ்திரியாவிலிருந்து பிரேசிலுக்குப் பிழைக்க வந்த எர்னஸ்டோ இகேல் அவற்றை வாங்கினார். வீடுகளுக்கு அடுப்பு கேஸாக விற்றார். அந்தக் கம்பெனிதான் அல்ட்ராகாஸ். வானத்தில் பறக்க வேண்டியது பிரேசில்காரர்களின் கருப்பு அவரையை வேகவைத்தது.

இந்தியாவில் அடுப்பு மாற இன்னும் பதினெட்டு ஆண்டுகள் ஆயின. பம்பாயில் 1954-55-இல் அடுத்தடுத்து இரண்டு சுத்திகரிப்பு ஆலைகள் எழுந்தன. கச்சா எண்ணெயைக் காய்ச்சும்போது மேலே வரும் லேசான வாயு, உயரமான குழாயின் உச்சியில் இரவும் பகலும் வீணாக எரிந்தது. பர்மா ஷெல் கம்பெனி அதைப் பிடித்துக் குப்பியில் அடைத்து ‘பர்ஷேன்’ என்ற பெயரில் பம்பாய் வீடுகளுக்கு விற்கத் தொடங்கியது. 1957-இல் கால்டெக்ஸ் விசாகப்பட்டினத்தில் ஆலை திறந்தது. ஹைதராபாத்துக்கான கேஸின் வாசல் அங்கேதான் திறக்கவிருந்தது. 1965 அக்டோபர் 22 அன்று இந்தியன் ஆயில் தன் முதல் ‘இண்டேன்’ இணைப்பைக் கொடுத்தது. எங்கே? கல்கத்தாவில், நூற்றெட்டு ஆண்டுகளுக்கு முன் குழாய் கேஸ் எரிந்த அதே ஊரில்.

அதன்பின் வந்தது பெயர் மாறும் காலம். 1974-இல் எஸ்ஸோ என்ற எண்ணெய்க் கம்பெனி இந்துஸ்தான் பெட்ரோலியமானது. 1976-இல் பர்மா ஷெல்லை அரசு எடுத்துக்கொள்ள, அது பிறகு பாரத் பெட்ரோலியமானது. கால்டெக்ஸின் விசாகப்பட்டின ஆலை 1978-இல் இந்துஸ்தான் பெட்ரோலியத்தோடு இணைந்தது. இந்துஸ்தான் பெட்ரோலியத்தின் சமையல் கேஸை வீடுகளுக்கு விற்கும் உரிமை கோசான் கேஸ் என்ற கம்பெனியிடம் இருந்தது; 1979-இல் நாடாளுமன்றம் தனிச்சட்டமே போட்டு அதை எடுத்துக்கொண்டது. கம்பெனிகள் கைமாறியது சீக்கிரம் நடந்தது. கனெக்ஷன் கைக்கு வருவதுதான் நடக்கவில்லை. எழுதி வைத்துவிட்டு வருஷக்கணக்கில் காத்திருந்தார்கள். எம்.பி.க்களுக்கு இத்தனை கனெக்ஷன் என்று ஒதுக்கீடு வைத்து, சிபாரிசுக் கடிதத்தால் அடுப்பு எரிந்த காலம் அது. செகந்திராபாத் மாரேட்பள்ளியிலும் பத்மாராவ் நகரிலும் குடியேறியிருந்த தமிழ்க் குடும்பங்கள், ஊர் மாற்றலில் போகும்போது பீரோவைவிட பத்திரமாகக் காத்த பொருள் கேஸ் புத்தகம்.

1993-இல் தனியாரும் இறக்குமதி செய்து விற்கலாம் என்று கதவு திறந்தது. அப்படி வந்தவர்களில் ஒரு நிறுவனம் ஹைதராபாத்தைத் தலைமையிடமாக்கிக்கொண்ட எஸ்.எச்.வி. எனர்ஜி, சூப்பர்கேஸ்காரர்கள். நெதர்லாந்தில் இருக்கும் அதன் தாய்க் கம்பெனியின் முழுப்பெயரை விரித்தால் ‘நிலக்கரி வணிகர் சங்கம்’ என்று வரும். 1896-இல் அப்படித்தான் தொடங்கியது. கரி விற்றவர்களின் வாரிசுகள் கரியடுப்பை ஒழிக்கும் சரக்கோடு வந்து இறங்கினார்கள்.

1997 செப்டம்பர் 14, ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை. விசாகப்பட்டினத்தில் கப்பலிலிருந்து ஆலையின் உருண்டைத் தொட்டிகளுக்குக் கேஸ் இறங்கிக்கொண்டிருந்தது. எங்கோ கசிந்தது. புரொபேனும் பியூட்டேனும் காற்றைவிட ஒன்றரை முதல் இரண்டு மடங்கு கனம். மேலே போய்க் கலைந்துவிடாமல், பனிமூட்டம்போல் தரையோடு தரையாகப் பரவும். அப்படிப் பரவிய மேகம் நெருப்பைத் தொட்டது. சுமார் 60 பேர் இறந்தார்கள். வீட்டில் கேஸ் வாடை வந்தால் நாற்காலிமேல் ஏறி மோந்து பார்க்காமல் தரைப்பக்கம் கவனிக்க வேண்டும் என்பதற்கு இதைவிடக் கொடிய பாடம் இல்லை.

இத்தனை நடந்தும் தேவை குறையவில்லை. 1999 ஜூலையில் ஹைதராபாத்தில் இருந்த ஆந்திர அரசு ‘தீபம்’ என்று ஒரு திட்டம் கொண்டுவந்தது. டுவாக்ரா என்ற மகளிர் குழுக்களில் இருந்த ஏழைப் பெண்களுக்கு கனெக்ஷனின் முன்பணத்தை அரசே கட்டியது. எம்.பி. சிபாரிசுக்கு நின்ற பொருள், டுவாக்ரா குழுப் பெண்ணின் பெயரில் வீட்டு வாசலில் இறங்கியது. கனெக்ஷன் பெருகப்பெருக, விசாகப்பட்டினத்திலிருந்து ரயிலிலும் புல்லட் டேங்கர் லாரியிலும் கொண்டுவந்து கட்டுப்படியாகவில்லை. 2004-இல் கெயில் நிறுவனம் விசாகப்பட்டினத்திலிருந்து செகந்திராபாத் வரை 600 கிலோமீட்டருக்கும் மேல் மண்ணுக்கடியில் குழாய் போட்டது; உள்ளே திரவமாகவே கேஸ் ஓடிவருகிறது. குழாயிலிருந்து விடுதலை பெறத்தான் குப்பி பிறந்தது. குப்பியை நிரப்ப மறுபடி குழாயே வந்து சேர்ந்தது.

விசாகப்பட்டினக் கரையில் அதைவிட விசித்திரமான ஒன்று அப்போது உருவாகிக்கொண்டிருந்தது. கடல்மட்டத்துக்கு 150 மீட்டருக்கும் கீழே பாறையைக் குடைந்து ஒரு குகை. 2007-இல் திறந்த அதில் 60,000 டன் கேஸ் கொள்ளும். குகைக்கு இரும்புச் சுவர் கிடையாது, வெறும் பாறை. பாறையின் விரிசல்களில் ஊறியிருக்கும் நிலத்தடி நீர், அந்த ஆழத்தில் உள்ளே இருக்கும் கேஸைவிட அதிக அழுத்தத்தோடு நாலாபக்கமும் நெருக்கிப் பிடித்திருக்கிறது. தண்ணீர் உள்ளே சொட்டலாம், கேஸ் வெளியே போக முடியாது. பிட்ஸ்பர்கில் கார்க்கைத் தள்ளியவர்களுக்கு இங்கே தண்ணீரே கார்க்.

நடுவில் ஹைதராபாத் ஆட்டோக்காரர்கள் வழியாக இன்னொரு பங்காளியும் ஊருக்குள் வந்தார். 2003-இல் கெயிலும் இந்துஸ்தான் பெட்ரோலியமும் சேர்ந்து தொடங்கிய பாக்யநகர் கேஸ், சி.என்.ஜி. கொண்டுவந்தது. அது மீத்தேன், பழைய அடங்காப்பிடாரி. திரவமாக மாட்டேன் என்பதால் 200 காற்றழுத்தத்தில் தடித்த குப்பிக்குள் திணிக்கிறார்கள். கசிந்தால் மேலே பறந்துவிடும். ஆட்டோ ஓட்டுகிறவருக்குப் புரொபேன்-பியூட்டேன் கலவை, சி.என்.ஜி. இரண்டும் கேஸ்தான். பம்பில் நிற்கும் வரிசைதான் வேறு.

இனி, செர்லாபள்ளியில் நிரம்பி, லாரியில் ஏறி, சந்து திரும்பி, தோளில் ஏறி மாடிக்கு வரும் அந்தச் சிவப்புச் சிலிண்டர். அதற்குள் இருப்பது ஒரு கேஸ் அல்ல, ஸ்னெல்லிங் பிடித்த அதே அண்ணன் தம்பி இருவரும். கிலோவுக்குக் கிலோ எரித்தால் இருவர் தரும் சூடும் கிட்டத்தட்ட ஒன்றே. தூக்கம் கலையும் நேரம்தான் வேறு. புரொபேன் பூஜ்யத்துக்குக் கீழே 42 டிகிரியிலேயே கொதித்து எழுந்துவிடும். பியூட்டேன் பூஜ்யத்துக்கு அரை டிகிரி கீழ் வரை சூடேறினால்தான் அசையும். லடாக்கின் ஜனவரியில் பியூட்டேன் மட்டும் இருக்கும் சிலிண்டரை என்ன உலுக்கினாலும் அடுப்பு எரியாது. மறுபக்கம், ஹைதராபாத் மே மாதத்தின் 40 டிகிரியில் தனிப் புரொபேன் 13 காற்றழுத்தத்துக்கு மேல் சிலிண்டரை உள்ளிருந்து உதைக்கும். பியூட்டேன் நாலுக்குள் அடங்கியிருக்கும். சார்மினார் பக்கத்து பான் கடையில் கயிற்றில் தொங்கும் லைட்டருக்குக் கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக் கூடு போதுமாக இருப்பது உள்ளே பியூட்டேன் என்பதால்தான். பிரிட்டனில் இருவரையும் தனித்தனியாகக் குடிவைத்து, நீலச் சிலிண்டர் பியூட்டேன், சிவப்பு புரொபேன் என்று விற்கிறார்கள். குளிர்காலத்தில் தோட்டத்தில் வைப்பவர் சிவப்பை வாங்குவார். நம் ஊரில் இருவரும் கூட்டுக்குடித்தனம். ஹோட்டல் வாசலில் நிற்கும் 19 கிலோ நீலச் சிலிண்டரிலும் இதே கலவைதான். விலையும் எடையும் மட்டும் வேறு.

சிலிண்டரின் கழுத்தில் இருக்கும் 14.2 என்ற எண்ணும் இந்தக் குடித்தனத்தின் கணக்கு. ஏன் 14 இல்லை, 15 இல்லை? சிலிண்டரில் தண்ணீர் ஊற்றினால் 33.3 லிட்டர் பிடிக்கும். வெயிலில் திரவம் விரியும்போது முட்டிக்கொள்ளாமல் இருக்க, லிட்டருக்குச் சுமார் 425 கிராம் மட்டுமே நிரப்பலாம் என்பது விதி. பெருக்கினால் 14.2 கிலோ. ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு இடம் எப்போதும் வெறுமையாக விடப்படுகிறது. அசிட்டிலீனுக்குக் காலியிடமே எமன். இந்தச் சகோதரர்களுக்கு அதுவே மூச்சுவிடும் இடம்.

டிசம்பர் காலை. ஹைதராபாத்தில் பனி, பன்னிரண்டு டிகிரி. இருவரில் முந்தி எழும் புரொபேன் மாத ஆரம்பத்திலேயே அதிகமாகக் கிளம்பிப் போயிருக்க, அடியில் மிஞ்சியதில் சோம்பேறித் தம்பியின் பங்கே அதிகம். மாரேட்பள்ளி வீடொன்றில் பால் பொங்குவதற்குள் சுடர் இறங்குகிறது. ஈரத்துணியால் சிலிண்டரை மேலிருந்து கீழே ஒரு துடைப்பு. மேல்பாகம் சீக்கிரம் உலர்கிறது. திரவம் இருக்கும் மட்டத்துக்குக் கீழே ஈரம் நிற்கிறது. ஈரக்கோடு அடிவளையத்துக்கு இரண்டு விரல்கடை உயரத்தில்.

“போன ரெண்டாம் தேதிதானே மாட்டினோம். அதுக்குள்ள எங்க போச்சு?”